வைரஸின் வாலில் ஒரு மடிப்பு

வியன்னாவில் பாதிக் கசாப்புக் கடைகளின் குளிர் அறைகள் நான் பொருத்தியவை. படிப்பு ஐந்தாம் வகுப்பு. என்னிடம் சம்பளம் வாங்குகிறவர்களில் பொறியாளர்களும் உண்டு. என் மகள் ரோஸ்விதா கட்டிக்கொண்டதோ குளிர்பெட்டிக் கதவைக்கூட ஒழுங்காகச் சாத்தத் தெரியாத கெர்வினை.

அவனுக்குப் பல்கலைக்கழகத்தில் வேலை. வைரஸின் ஆர்.என்.ஏ. சரடு எங்கே மடிந்து தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் என்று கணினியில் கணிப்பான். உறவுக்கார வைரஸ்களை வரிசையாக அடுக்கிப் பார்ப்பான். ஒரு மடிப்பு எல்லாவற்றிலும் அழியாமல் நின்றால், அது இல்லாமல் வைரஸ் பிழைக்காது என்று கணக்கு.

இங்கே எட்டு வருஷம்தான் தற்காலிக வேலை. அதற்குள் நிரந்தரமாகாவிட்டால் அதே பல்கலைக்கழகம் மறுபடி சேர்க்காது, சட்டம் அப்படி. கடைசி வருஷத்தில், உண்ணி கடித்துப் பரவும் மூளைக்காய்ச்சல் வைரஸின் வால்முனையில் ஒரு மடிப்பைக் கண்டுபிடித்தான். எந்த நாட்டு மாதிரியிலும் அந்தச் சரட்டில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. நிரந்தர வேலை வந்துவிட்டதென்றே வீடு நம்பியது.

"மாப்பிள, அந்த மடிப்ப இஸ்திரி போட்டு நீட்டிட்டா வைரஸ் செத்துருமா?"

"அதத்தான் மாமா ஆய்வகத்துல பாத்துட்டிருக்காங்க."

"எங்கிட்ட ரெண்டு இஸ்திரிப்பெட்டி இருக்கு. எடுத்துட்டுப் போங்க."

"அப்பா, அவர நிம்மதியா சாப்பிட விடுங்க" என்றாள் ரோஸ்விதா.

ஆய்வகத்தில் மடிப்பைக் கலைத்தார்கள். வைரஸ் செழிப்பாக வளர்ந்தது.

ஏனென்று, மாதிரிகளின் எழுத்துகளைப் படித்துப் பொதுப் பட்டியலில் பதிந்த ஆய்வகங்களுக்கெல்லாம் எழுதிக் கேட்டான். பதில்கள் ஒன்றுபோல வந்தன. சரடைப் பிரதியெடுக்க, செயற்கையான ஒரு துண்டை வால்முனையில் பொருத்துவார்களாம். எல்லா ஆய்வகமும் ஒரே துண்டைத்தான் வாங்கியிருக்கிறது. யாரும் அதை நறுக்காமலே பதிந்துவிட்டார்கள். இவன் கண்ட மாறாத எழுத்துகள் அந்தத் துண்டினுடையவை.

"ஒட்டினத எடுத்துட்டு அடியில என்ன இருக்குன்னு பாருங்களேன்."

"அத இதுவரைக்கும் யாருமே படிக்கல மாமா. புதுசா படிக்க ஒரு வருஷமாவது ஆகும். எனக்கு வேல ஜூன் வரைக்கும்தான்."

யாரிடமும் போய் நின்றறியாத நான், கோட்டு போட்டுக்கொண்டு அவனுடைய பேராசிரியரைப் பார்த்தேன். காபி கொடுத்தார். உங்கள் மாப்பிள்ளை கெட்டிக்காரர் என்றார். சட்டத்தையும் சொன்னார்.

இப்போது கெர்வின் என் கம்பெனியில் தொலைபேசி எடுக்கிறான். எங்களிடம் தொலைபேசி எடுப்பவர் டாக்டர் பட்டம் வாங்கியவர் என்று நானும் ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிறேன். பணிவாகத்தான் பேசுகிறான். வைரஸ் பற்றி அவனிடம் யாரும் பேச்செடுப்பதில்லை. நானும்தான்.