மாட்டுத் தீவனமான ராகி

உலகச் சண்டைக் காலத்தில் எங்கள் ராகி எங்களுடையதாக இல்லை. விதைத்தது நாங்கள், களை பறித்தது நாங்கள், இடுப்பு ஒடிய அறுத்தது நான். ஆனால் வீட்டுச் சாப்பாட்டுக்கு ஒதுக்கியது போக மிச்சத்தைச் சர்க்கார் சொன்ன விலைக்குச் சர்க்காருக்கே போட வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. சந்தையில் விற்கக் கூடாது. வண்டியில் ஏற்றவே பெர்மிட் வேண்டும். பென்னாகரம் சந்தையில் தானியம் விற்ற இடத்தில் அந்த வருஷம் ஆடு படுத்திருந்தது.

நான் வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு நன்றாக விளைந்த முதல் வருஷம் அது. மிச்ச ராகியை விற்று ஒரு கறவை எருமை வாங்கிவிட வேண்டும் என்று மனதுக்குள் முடிவு கட்டியிருந்தேன். சர்க்கார் விலைக்குப் போட்டால் எருமையின் வால்கூட வராது. என் வீட்டுக்காரர் உத்தரவு என்றால் எழுந்து நிற்கிற ஆள். "போட்டுத் தொலைச்சுடலாம் புள்ள" என்பார். நான் முறைத்தால் மறுபடி உட்கார்ந்துகொள்வார்.

எங்கள் பக்கத்தில் ராகியைக் குழியில்தான் போட்டு வைப்பார்கள். களத்து ஓரத்தில் ஓர் ஆள் ஆழத்துக்குக் குழி. வாய் குறுகல், வயிறு பெரிது. உள்ளே வைக்கோல் பரப்பி ராகியைக் கொட்டி, வாயைக் கல்லால் மூடி மண் பூசிவிட்டால் வருஷக்கணக்கில் பூச்சி அண்டாது. ஆனால் ஒன்று, திறந்தால் முழுக்க அள்ளிவிட வேண்டும். காற்றுப் பட்டதைப் பாதியில் மூடினால் கெட்டுப்போகும்.

சோதனைக்கு ஓர் இளவயது அதிகாரி வந்தார். நெல் விளையும் சீமையிலிருந்து மாற்றலாகி வந்தவர். மூக்குக் கண்ணாடி போட்டிருந்தார். மீசை வளர்வதா வேண்டாமா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. பின்னால் காக்கிச் சட்டையில் எலும்பும் தோலுமாக ஒரு பியூன். வீட்டுப் பானைகளைத் தட்டிப் பார்த்து அதிகாரி சோர்ந்துபோன நேரத்தில், என் வீட்டுக்காரர் தாமாகவே முன்வந்து, "ராகி குழியில இருக்குதுங்க" என்றார். அந்த மனுஷனை அன்றைக்கு நான் என்ன செய்திருந்தாலும் தகும்.

"திறங்க. பார்த்துட்டு மூடிடலாம்" என்றார் அதிகாரி.

"தொறந்தா மூட முடியாதுங்க. மொத்தமும் அள்ளோணும். அள்ளி எங்க வெப்பீங்க?" என்றேன்.

"அதைச் சர்க்கார் பார்த்துக்கும்மா."

திறந்தோம். கயிற்றில் கட்டி இறக்கிய விளக்கு உள்ளே போனதும் அணைந்தது. விளக்கு நிற்காத குழியில் விஷக்காற்று இருக்கும், ஆள் இறங்கினால் பிணம்தான். நான் ஏதோ தந்திரம் செய்வதாக நினைத்து அதிகாரி தாமே குழிக்குள் தலையை விட்டார். பியூன் அவர் இடுப்பைக் கட்டிப்பிடித்துப் பின்னால் இழுத்து உட்கார வைத்தார். ஒரு பகல் ஒரு ராத்திரி ஆறவிட்டுத்தான் அள்ள முடிந்தது.

களத்தில் எங்கள் பங்கு சின்னக் குவியலாகவும், சர்க்கார் பங்கு பெரிய குவியலாகவும் நின்றன. அப்புறம்தான் வேடிக்கை. அள்ளிப் போகச் சாக்கு இல்லை, சாக்குக்கும் கட்டுப்பாடு. வண்டியில் ஏற்றப் பெர்மிட் இல்லை. ராகியைப் பிடிக்கத்தான் இவருக்கு அதிகாரம். நகர்த்துகிற அதிகாரம் இன்னோர் அதிகாரிக்கு. அவரோ எங்கேயோ முகாம். பெர்மிட் வாங்கி வரப் பியூனைக் கரி பஸ்ஸில் அனுப்பினார். பெட்ரோல் கிடைக்காததால் கரியை எரித்து ஓட்டுகிற, மேடு வந்தால் ஆட்கள் இறங்கித் தள்ளுகிற பஸ் அது. பியூன் இருந்த இருப்புக்கு, பஸ்தான் அவரைத் தள்ள வேண்டும்.

அதுவரை அதிகாரி எங்கள் கட்டிலில் உட்கார்ந்து காவல் காத்தார். சர்க்கார் குவியலில் கோழி ஏறினால் குடையோடு ஓடுவார். எங்கள் குவியலில் ஏறினால் பார்த்துக்கொண்டு இருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மத்தியானம் களியைத் தட்டில் வைத்துவிட்டு, "இந்தக் களி எங்க பங்குல எழுதறதுங்களா, சர்க்கார் பங்குல எழுதறதுங்களா?" என்று கேட்டேன். அவர் வாயைத் திறக்கப் பார்த்தார். வாய்க்குள் களி ஒட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் மேற்கே கறுத்து மழை பிடித்தது. எங்கள் பங்கை ஓடி ஓடி உள்ளே சேர்த்தேன். என் வீட்டுக்காரர் மற்றதையும் அள்ளப் போனார். "தொடாதீங்க! பெர்மிட் இல்லாம நகத்துனா ஜெயிலு" என்று கத்தினேன். அவ்வளவு கோபம் எனக்கு. அதிகாரி ஒரு கூடையை நிரப்பித் தலையில் தூக்கிக்கொண்டு வந்தார். கண்ணாடியில் தண்ணீர் வழிய வாசலில் நின்றவரை மறித்து, "பெர்மிட்டு இருக்குதுங்களா?" என்றேன்.

"இல்லம்மா. கொஞ்சம் நகருங்க" என்றார்.

அழுகிற குரல். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நானும் ஒரு கூடையை எடுத்தேன். மழை விட்டபோது இரண்டு குவியலும் எங்கள் வீட்டுக்குள் ஒன்றாகக் கலந்து, நனைந்து கிடந்தன.

அன்று சாயங்காலம் பியூன் பெர்மிட்டோடு வந்து சேர்ந்தார். பெர்மிட் நெல்லுக்கு.

அதிகாரி அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, நனைந்த ராகியில் ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். பிறகு, "இது நனைஞ்சுபோச்சு. மனுஷர் சாப்பிட லாயக்கில்லைன்னு எழுதிடறேன். மாட்டுத் தீவனம்னா பெர்மிட் வேண்டாம், விலைக் கட்டுப்பாடும் கிடையாது. யாருக்கு வேணும்னாலும் வித்துக்கலாம்" என்றார்.

"எங்க ராகியவா மனுசன் திங்க ஆவாதுங்கறீங்க?" என்று நான் சண்டைக்குப் போனேன். என் வீட்டுக்காரர் என் கையைக் கிள்ளினார். அவர் வாழ்க்கையில் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் அது.

இரண்டு வெயிலில் ராகி கலகலவென்று காய்ந்துவிட்டது. அதைப் பென்னாகரம் சந்தைக்குக் கொண்டுபோய், தீவனம் என்று சொல்லி, நான் சொன்ன விலைக்கு விற்றேன். என்னை யாரும் கேட்கவில்லை. என் எருமை எனக்குக் கிடைத்துவிட்டது என்று அப்போதே தெரிந்தது. ஊரில் திடீரென்று இத்தனை பேர் மாடு வளர்க்கிறார்களா என்று ஆச்சரியமாக இருந்தது. வாத்தியார் மாட்டுக்கு வாங்கினார், தையல்காரர் மாட்டுக்கு வாங்கினார். ரேஷன் கடையில் புழுத்த சோளம் போட்டுக்கொண்டிருந்த சமயம் அது.

கூட்டம் கலைந்த பிறகு அந்தப் பியூன் வந்தார். காக்கிச் சட்டையைக் கழற்றி மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தார். துண்டை விரித்துப் பிடித்தார்.

"உங்க வூட்லயும் மாடு இருக்குதுங்களா?" என்று கிண்டலாகக் கேட்டேன்.

"பெருசு ரெண்டு, சிறுசு நாலு இருக்குதும்மா" என்றார். "கல்லு இல்லாததா பாத்துப் போடும்மா. கடைசிக்கு இன்னும் பல்லு மொளைக்கல."