சின்னம்மாவின் கைமணி

எங்கள் கடையிலிருந்து போகும் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சின்ன அட்டை இருக்கும். ‘சீனிச்சாமி காதால் கேட்டுத் தேர்ந்தெடுத்தது’ என்று அச்சடித்து, பக்கத்தில் அவர் படத்தையும் போட்டிருப்போம். அந்த வாசகம் என்னுடையது. இப்போது அதைப் பார்த்தால் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

சீனிச்சாமி எனக்குச் சின்னையா முறை. ஆண்டிபட்டியில் எங்கள் தெருவிலேயே வீடு. தேனியில் ஒரு பாத்திரக்கடையில் முப்பத்தொரு வருஷம் நின்றவர். குடத்தை விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினால் போதும், கண்ணுக்குத் தெரியாத கீறலையும் சொல்லிவிடுவார். பித்தளை விளக்கு, உருளி, வாசலில் தொங்கவிடும் வெண்கல மணி என்று வீட்டு அலங்காரச் சாமான்களைப் போனிலேயே விற்கும் வேலையை நான் ஆரம்பித்தபோது, முதலில் போய் நின்றது அவர் வாசலில்தான். எனக்கு விற்கத் தெரியும். பார்த்து வாங்கத் தெரியாது.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இருவரும் கும்பகோணம் பக்கம் நாச்சியார்கோவிலுக்குப் போவோம். பட்டறை வாசலில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். ஒவ்வொரு மணியாகக் கயிற்றில் தொங்கவிட்டு, மரக்குச்சியால் தட்டி, கண்ணை மூடிக்கொள்வார். தட்டிய சத்தத்தின் கார்வை அடங்கும்வரை அசையமாட்டார். பிடித்தது இடப்பக்கம், பிடிக்காதது வலப்பக்கம். நூறு மணியில் எழுபது தேறினால் அதிகம். பட்டறைக்காரர் தலையில் அடித்துக்கொண்டு, “ஐயா, உங்க காதுக்குன்னு நாங்க தனியா ஒரு உலை போடணும்” என்பார். சின்னையாவுக்கு உள்ளூரப் பெருமையாக இருக்கும். காட்டிக்கொள்ள மாட்டார்.

சின்னம்மா ராமுத்தாய்க்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் போய் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பிள்ளை இல்லாத வீடு. அதற்கடுத்து நாங்கள் நாச்சியார்கோவில் போனபோது, எனக்கான சரக்கை விறுவிறுவென்று முடித்துக் கொடுத்துவிட்டு, மிச்சப் பொழுது முழுக்க ஒரே ஒரு கைமணிக்காக உட்கார்ந்திருந்தார். கடைசியில் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு சின்ன மணியை எடுத்தார். மெல்லிய, கூரான சத்தம் அதற்கு.

“தெருக்கோடியில நின்னாலும் எனக்குக் கேக்கணும் தாயி. இனிமே அவளுக்கு இதுதானே வாயி” என்றார்.

அந்த மணிக்கு ஒரு ஏற்பாடும் வைத்துக்கொண்டார்கள். சின்னம்மா இடக்கையால் ஒருமுறை அடித்தால் தண்ணீர் வேண்டும். இரண்டு முறை அடித்தால் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். மூன்று முறை அடித்தால் ஒன்றும் வேண்டாம், சும்மா பக்கத்தில் வந்து உட்கார். தெருவுக்கே இது தெரியும். மூன்று கேட்டால் எதிர்வீட்டு அக்கம்மாள் வாசலில் இருந்தபடியே, “ஏய்யா சீனிச்சாமி, ஒம் பொண்டாட்டிக்கு ஒன்னையப் பாக்கணுமாம், ஓடு” என்று கேலி பேசும். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போவார்.

போன ஆவணியில், சின்னம்மாவை அக்கம்மாள் பொறுப்பில் விட்டுவிட்டு வந்து பட்டறையில் உட்கார்ந்திருந்தபோது, அவர் கண்ணை மூடவில்லை என்பதைக் கவனித்தேன். தட்டிவிட்டு, மணி தொங்கும் கயிற்றில் விரலை வைத்து அதிர்வைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய மணிகளுக்கு அப்படிச் செய்யவில்லை. சின்ன மணிகளுக்கு மட்டும்தான். அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்று ஒரு சின்ன மணியை ஆட்டினேன். பட்டறையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் திரும்பவில்லை.

மதுரைக்கு வரும் பஸ்ஸில் அவரே சொன்னார்.

“பேச்சு கேக்குது, பெரிய மணி கேக்குது. சின்ன மணிக சத்தந்தான் ஆறு மாசமா எட்டல. யாருகிட்டயும் சொல்லிராத ஆத்தா. காது போனவன் மணி பாத்து வாங்குறானாம்னு ஊரே சிரிக்கும்.”

“அப்ப சின்னம்மா மணி?”

ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். “நான் வீட்டுலதானே கெடக்கேன். நிமிசத்துக்கு ஒருக்கா எட்டிப் பாத்துக்கிருதேன். இது தெரிஞ்சா அவ பயந்துருவா.”

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். கனத்த சத்தமுள்ள வேறு மணி வாங்கித் தந்திருக்கலாம். மறுநாளே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போய் காது மிஷின் மாட்டிவிட்டிருக்கலாம். ஆனால் கடையில் புதிதாக அச்சடித்த அட்டை ஆயிரம் கிடந்தது. காதில் மிஷினோடு அவர் நின்றால் அந்த அட்டைக்கு என்ன அர்த்தம் என்று என் புத்தி ஓடியது. ஓடியதுதான், மறைக்க மாட்டேன்.

“தீவாளி ஆர்டர் முடியட்டும் சின்னையா. மதுரைக்குப் போயி காட்டிருவோம்” என்றேன். அவரும் நிம்மதியாகத் தலையாட்டினார்.

தீபாவளிக்கு எட்டு நாள் இருக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில், சின்னம்மா இறந்துபோனது. சின்னையா அப்போது முன்னறையில்தான் இருந்தார். நான் கொண்டுவந்து குவித்திருந்த மணிகளை, அனுப்பத் தோதாக ஒவ்வொன்றாகக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு சுவர், திறந்த கதவு, அவ்வளவுதான். அவசர வேலை என்பதால் அன்றைக்கு எட்டிப் பார்ப்பது குறைந்துவிட்டது. மதியக் கஞ்சியோடு உள்ளே போனபோது உடம்பு குளிர ஆரம்பித்திருந்தது. மாரடைப்பு, உடனே பார்த்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் டாக்டர்.

எழவு வீட்டில் அக்கம்மாள் என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதது.

“மூணு மூணா அடிச்சுக்கிட்டே இருந்துச்சு தாயி. அவுகதான் வீட்டுக்குள்ள இருக்காகளே, போயி உக்காந்துருப்பாகன்னு நான் கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்துட்டேன். ரொம்ப நேரம் அடிச்சுச்சு.”

அதைச் சின்னையாவிடம் சொல்லவே கூடாது என்று அக்கம்மாளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை அவர் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் பாய்கூட இல்லை. கைமணியை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்.

“அன்னைக்கு மணி அடிச்சாளா தாயி?” என்று கேட்டார்.

“இல்ல சின்னையா. அடிக்கவே இல்ல.”

“மணிக் கயித்த வெரல்ல சுத்தியிருந்தா. நான்தானே அவுத்தேன்.” மடியில் இருந்த மணியைத் திருப்பிப் பார்த்தார். “எத்தன தடவ அடிச்சான்னு மட்டும் சொல்லு. தண்ணிக்கா? தொண்ட வறண்டு போயிருச்சோ? அத நெனச்சா எனக்கு ஒரு வாய் தண்ணி எறங்க மாட்டேங்குது.”

தாகத்தோடு போகவில்லை என்று தெரிந்தாலாவது அவர் தண்ணீர் குடிப்பார் என்று நினைத்தேன். அதனால் சொல்லிவிட்டேன்.

“தண்ணிக்கில்ல சின்னையா. மூணு.”

“மூணா” என்றார்.

எழுந்து, மூலையில் கிடந்த ஸ்டூலை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். நான் கடைக்குக் கிளம்பியபோதும் அங்கேதான் இருந்தார். சாயங்காலம் திரும்பி வந்து பார்த்தபோதும் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார்.