வாசலில் அண்ணன் விட்டு வைத்த இடம்

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு எழுத வேண்டும் என்று மதினி கேட்டபோது, எனக்கு வாய்தான் நீளம், எழுத்து வராது என்று சொல்லிப் பார்த்தேன். அவர் விடவில்லை. தங்கை என்ற உரிமையில் எழுதுகிறேன். பிழை இருந்தால் உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் பிறந்தது அச்சன்புதூரில். அப்பா சீக்கிரமே தவறிவிட, பள்ளிப் படிப்பு முடிந்ததும் ராணுவத்தில் சேர்ந்தார். நான் படித்ததும் எனக்குக் கல்யாணம் ஆனதும் அண்ணன் அனுப்பிய சம்பளத்தில்தான். ஓய்வு பெற்று வந்து தென்காசியில் வீடு கட்டி, அம்மாவையும் தம்மோடு வைத்துக்கொண்டார். அவர் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. பட்டாளத்துக்காரர் என்று சொன்னால் புதிதாகப் பழகுபவர்கள் நம்ப மாட்டார்கள்.

அந்த வீட்டு வாசலில் மதினி ரோஜாவும் கனகாம்பரமும் வைத்திருந்தார். அம்மா இறந்த அன்று பந்தல் போட வந்தவர்கள் செடிகளைப் பார்த்துத் தயங்கி நின்றார்கள். "செடிதான, பிடுங்கிப் போட்டுட்டுக் குழியத் தோண்டுங்க" என்று சொன்னது நான். துக்க வீட்டில் செடிக்காக யார் வாயைத் திறக்க முடியும்? மதினி நடைக்குள் நின்று பார்த்தார். அண்ணனும் பார்த்தார். பதினாறாம் நாள் பந்தலைப் பிரித்த பிறகு, மிஞ்சிய ரோஜாக் குச்சிகளை மதினி மறுபடி ஊன்றினார். ஒன்றும் துளிர்க்கவில்லை. அதன் பிறகு அவர் செடியே வைக்கவில்லை.

பல வருடங்கள் கழித்து, அண்ணனுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டன என்று தெரிந்தது. அந்த வாரமே ஸ்கேன் உறையின் பின்பக்கத்தில் வாசலைப் படம் போட ஆரம்பித்தார். எனக்குக் கோபமாக வந்தது. உடம்பைப் பார்க்கிற நேரத்தில் தோட்டம் என்ன தோட்டம் என்று கேட்டேன்.

"உங்க மதினிக்கு முட்டி மடங்காதுட்டி. குனியாம, தண்ணி சொமக்காம பாத்துக்கிடுத மாதிரி ஒண்ணு இருக்கணும்லா" என்றார்.

இரண்டு பக்கச் சுவரை ஒட்டியும் இடுப்பு உயரத்துக்குச் செங்கல்லால் பாத்தி கட்டினார். ஆடிக் காற்றுக்கு ஒடியாத குட்டைச் செடிகளாகத் தேர்ந்தெடுத்தார். இட்லிப்பூ, கற்றாழை, குட்டை நந்தியாவட்டை, ஓரத்தில் டேபிள் ரோஸ். ஈரம் காயாமல் இருக்க மண்ணின் மேல் தேங்காய் மட்டை. சாரல் தொடங்கியதும் நட்டால் வேர் பிடிக்கும் வரை தண்ணீருக்கு அலைய வேண்டாம் என்று அதற்காகவே காத்திருந்தார்.

சாரல் விழுந்த மறுநாள் ஆட்டோவில் குற்றாலம் போய்ச் செடி வாங்கினோம். அருவியில் நல்ல கூட்டம். "குத்தாலம் வந்து குளிக்காமப் போற ஆளு நீங்க ஒருத்தர்தான்" என்று கேலி செய்தேன். "அருவி எங்க போயிரப் போவுது? செடி வாடிரும், ஏறுட்டி" என்றார். அதற்குப் பிறகு அண்ணனால் குற்றாலம் போக முடியவில்லை.

நடுவில் மட்டும் அகலமாக வெறும் தரை. அதைச் சுற்றி ஆறு இடங்களில் இரும்புக் குழாய்களைத் தரைமட்டமாகப் பதித்து, மூடியும் போட்டிருந்தார். "என்ன அண்ணே, நடுவுல பொட்டலா விட்டிருக்கிய? ஒரு செம்பருத்தியாவது வையுங்க" என்றேன். "அங்கன ஒண்ணும் வேண்டாம். விசேசம்னா பந்தல் போடணும்லா" என்றார். ஒரே மகளின் கல்யாணத்தை நினைத்துச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். நான் சும்மா இருப்பவளா? அடுத்த வாரம் ஒரு செம்பருத்தியைக் கொண்டு வந்து நடுவிலேயே நட்டேன். மறுமுறை போனபோது அது கொல்லைப் பக்கம் நின்றது.

கடைசி மாதங்களில், டயாலிசிஸ் முடிந்து வந்ததும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். மதினி நின்றபடியே பூப் பறிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த முகத்தில் அப்போது நோயே தெரியாது.

போன தை மாதம், மதினி கையைப் பிடித்திருக்க, வீட்டிலேயே அண்ணனின் உயிர் பிரிந்தது. பந்தல்காரர் கடப்பாரையோடு வாசலுக்கு வந்தார். இந்த முறை செடிகளுக்கு முன்னால் போய் நின்றேன். இத்தனை நீள வாய் இருந்தும் ஒரு சொல் வரவில்லை. அவரே குனிந்து மூடிகளைத் திறந்து பார்த்தார்.

"அக்கா, தோண்டவே வேண்டாம். போன வருசம் அண்ணாச்சி என்கிட்ட வந்து பந்தக்கால் கனம் எம்புட்டுன்னு கேட்டாவ. கல்யாணத்துக்குன்னுலா நெனச்சேன்" என்றார்.

ஆறு கால்களும் அந்தக் குழாய்களில் இறங்கி நின்றன. நடுவில் ஐஸ் பெட்டியை வைத்த பிறகும் சுற்றி வர இடம் இருந்தது. அவ்வளவு கூட்டத்திலும் ஓர் இட்லிப்பூக் கொத்துகூட ஒடியவில்லை. அதைப் பார்த்துத்தான் நான் அன்று வாய்விட்டு அழுதேன்.

பதினாறாம் நாள் பந்தலைப் பிரித்ததும் மூடிகளை ஒவ்வொன்றாகப் போட்டேன். மதினி பக்கத்தில் நின்று, "ஒண்ணையும் தொலைச்சிராத. எனக்கும் வேணும்லா" என்றார்.

வாரம் இருமுறை அண்ணனை மருத்துவமனைக்கு அழைத்துப் போன ஆட்டோ ஓட்டுநர், கேளாமலே சோறு கொண்டு வந்த பக்கத்து வீட்டார், பந்தல்காரர், சுரண்டையிலிருந்தும் புளியங்குடியிலிருந்தும் ஓடி வந்த சொந்தங்கள், எல்லோரையும் கை கூப்பி வணங்குகிறோம். நினைவு நாளுக்கு வருபவர்கள் பூ வாங்கி வர வேண்டாம். வாசலில் நிறையப் பூத்திருக்கிறது.

கடைசியாக மதினிக்கு. அன்று உங்கள் செடிகளைப் பிடுங்கச் சொன்னது நான்தான் என்று உங்கள் இருவருக்கும் தெரியும். இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூடச் சொல்லிக் காட்டவில்லை. அண்ணன் இருக்கும்போதே கேட்டிருக்க வேண்டும், கேட்காமல் இருந்துவிட்டேன். இப்போது உறவறியக் கேட்கிறேன். என்னை மன்னித்துவிடுங்கள், மதினி.