யூத முதியோருக்காகக் கதைக்கிற உத்தியோகம்

மற்றவர்களுக்காகச் சண்டை போட்டுச் சம்பளம் வாங்குகிற வேலை என்னுடையது. வீட்டில் அதே வேலையைச் சம்பளமில்லாமல் செய்கிறேன்.

ஊராட்சி நடத்துகிற கவுன்சிலுக்கு ஃபோன் அடித்து, காத்திருக்கச் சொல்லிப் போடுகிற பாட்டைக் கேட்டுக் கேட்டு, கடைசியில் ஆள் எடுக்கும்போது எதற்கு அடித்தோம் என்பதையே மறந்துபோனவர்கள் உங்களில் எத்தனை பேர் என்று கேட்கமாட்டேன். எல்லாருந்தான். அந்தப் பாட்டை உங்களுக்குப் பதிலாக இன்னொருவர் கேட்டால் எப்படியிருக்கும்? அந்த இன்னொருவர்தான் நான். வடமேற்கு லண்டனில் ஒரு யூத சமூக சேவை நிறுவனத்தில் வேலை. வயதானவர்கள், நோயில் கிடக்கிற வருத்தக்காரர், தனித்துப்போனவர்கள் சார்பில் கவுன்சிலோடும் ஆஸ்பத்திரியோடும் உதவிப்பணம் கொடுக்கிற பெனிபிட் அலுவலகத்தோடும் கதைக்கவேண்டும். வெம்பிளியிலிருந்து பஸ்ஸில் போகிற யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் சேர்த்து இங்கே சொல்லிவிடுகிறேன். அங்குள்ளவர்கள் பேசுவது இங்கிலீஷ்தான். ஆனால் என் ஞாபகத்தில் எல்லாரும் யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசுகிறார்கள்; அப்படியே தருகிறேன்.

சூப்புக்கு நின்ற வரிசை

நேர்முகத்துக்குப் போன அன்று ஒரு மணி நேரம் முன்னதாகவே போய் வாசலில் நின்றேன். அதற்கு முன் ஒரு பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில்தான் வேலை செய்திருந்தேன். என்னை எடுக்கவேண்டியவர் மிரியம், அந்தப் பிரிவின் பொறுப்பாளர். குட்டையான, வேகமாக நடக்கிற பெண். கேள்வி கேட்கிற அறைக்குப் போகும் வழியில் சுவர் நிறையப் பழைய படங்கள். கிழக்கு லண்டனில் கப்பலால் வந்திறங்கிய யூதக் குடும்பங்களுக்குச் சூப்பும் பாணும் கொடுக்கத்தான் நிறுவனம் தொடங்கியது என்று மிரியம் நடந்தபடியே சொன்னார். பிறகு ஜெர்மனிப் பக்கமிருந்து தப்பி வந்தவர்களுக்கு வீடும் வேலையும் தேடிக் கொடுத்ததாம். சூப் கொடுத்த காலத்திலேயே, சூப் மட்டும் போதாது, இவர்களுக்காக அதிகாரிகளோடு போய்க் கதைக்கவும் ஆள் வேண்டும் என்று யாரோ ஒருவர் எழும்பிச் சொல்லியிருக்கிறார். அந்த யாரோ ஒருவரால்தான் இன்று எனக்குச் சம்பளம்.

ஒரு படத்துக்கு முன்னால் நின்றுவிட்டேன். சூப்புக்கு வரிசை. தொப்பி போட்ட ஆண்கள், தலையை மூடிய பெண்கள். நடுவில் ஒருவர் மூட்டையைக் கையில் பிடிக்காமல், இரண்டு காலுக்கும் நடுவில் வைத்து இறுக்கிக்கொண்டு நின்றார். குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் அகதியாக அசைலம் கேட்டு நின்ற நாட்களில் நானும் அப்படித்தான் நின்றேன். கை உளையாது, பையும் தொலையாது. வாய் சும்மா இராமல் அதை மிரியத்திடம் சொல்லிவிட்டேன். அகதியாக வந்தவள் என்று தெரிந்தால் வேலை தரமாட்டார்களோ என்ற பயம் சொன்ன பிறகுதான் வந்தது. மிரியம் கையிலிருந்த கேள்வித்தாளை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தார். "அனுபவம் இருக்கோ எண்டுதான் முதல் கேள்வி. அது முடிஞ்சுது. வாங்கோ, தேத்தண்ணி குடிப்பம்."

இரண்டு பக்கக் குசினி

எங்கள் நிறுவனத்துக் குசினிக்கு இரண்டு பக்கம். ஒரு பக்கம் இறைச்சி, மற்றப் பக்கம் பால். சட்டி, கரண்டி, கழுவுகிற தொட்டி எல்லாம் வேறு வேறு. யூத சமய முறைப்படி ஒன்று மற்றதோடு முட்டக்கூடாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குக் குசினிப் பொறுப்பாளர் பெர்னிஸ் இதைப் பற்றி ஒரு பிரசங்கம் வைப்பார். என்னோடு சேர்ந்த மற்ற இரண்டு பேரும் பயந்துபோய்க் குறிப்பெடுத்தார்கள். நான் பேசாமல் தலையாட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து, விளங்கவில்லை என்று நினைத்துவிட்டார்.

"விளங்குது," என்றேன். "எங்கட வீட்டிலையும் சைவச் சட்டி வேறை, மச்சச் சட்டி வேறை. மீன் வெட்டின கத்தி வெள்ளிக்கிழமை மரக்கறியிலை பட்டால் அண்டைக்கு வீட்டிலை பூகம்பம்." பெர்னிஸ் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஆர் அதைக் கவனிக்கிறது என்று கேட்டார். என்ர மாமி, கண் மூடியிருந்தாலும் அவவுக்குத் தெரியும் என்றேன். பெர்னிஸ் குரலைத் தாழ்த்தி, மிகவும் சீரியஸாகக் கேட்டார்: "உங்கட மாமி வேலைக்கு வருவாவோ?"

மிஸ்டர் லெவியின் லிஃப்ட்

மிஸ்டர் லெவி நாலாம் மாடியில் தனியாக இருக்கிறவர். ஒரு காலத்தில் தையல்காரர். முழங்கால் இரண்டும் போய்விட்டன. அந்தக் கட்டடத்து லிஃப்ட் பழுதாகி, இந்தா வருகிறோம் திருத்த என்று சொல்லிச் சொல்லியே வசந்தம் முடிந்து கோடையும் வந்துவிட்டது. அயல் வீட்டார் சாமான் வாங்கிக் கொடுத்தார்கள். டொக்டரிடம் போக ஏலாது, எங்கள் பகல்நேர மையத்துக்கு வர ஏலாது. ஃபோனில் முதலில் என்னைத் திட்டிப் பேசினார், கவுன்சிலைப் பேசினார், பிரதமரைப் பேசினார். பிறகு பேசுவதையே குறைத்துக்கொண்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கவுன்சில் வீட்டுப் பிரிவு அதிகாரி ஒருவரை ஒருவழியாகப் பிடித்தேன். மரியாதையான இளைஞர். "அவர் கடவுள் நம்பிக்கை உள்ளவர் எண்டு ஃபைலிலை இருக்கே, சனிக்கிழமையிலை லிஃப்ட் பாவிக்கமாட்டார்தானே?" என்றார். ஓய்வுநாளில் மின்சாரப் பொத்தானைத் தொடாத வழக்கம் மிஸ்டர் லெவிக்கு உண்டுதான். "மிச்ச நாளிலை பறந்து இறங்குவாரோ?" என்று கேட்டேன். மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்று ஃபோனை வைத்துவிட்டார். பிறகு அந்தப் பகுதிக் கவுன்சிலரைக் கூட்டிக்கொண்டுபோய்ப் படியேற வைத்தேன். அந்த மனிதர் மூன்றாம் மாடியிலேயே மூச்சு வாங்கிப் படியில் குந்திவிட்டார். அதன்பிறகு லிஃப்ட் திருத்த ஆள் வரக் கனநாள் எடுக்கவில்லை.

திருத்தி முடித்த அந்த வாரச் சனிக்கிழமை மிஸ்டர் லெவி வீட்டோடு இருந்துவிட்டார். திங்கட்கிழமை கோட்டும் கழுத்துப்பட்டியுமாக மையத்துக்கு வந்தவரிடம், "பிறகென்னத்துக்கு லிஃப்ட்?" என்று பகிடியாகக் கேட்டேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "பெரிய வித்தியாசம், பிள்ளை. முந்தி என்னைக் கவுன்சில் மறிச்சது. இப்ப கடவுள் மறிக்கிறார்."

வாசலில் ஒரு பொதி

எங்கள் கட்டடத்துக்குள் வருவது லேசில்லை. வாசலில் டேவ் என்ற காவலாளி, இரட்டைக் கதவு, கமரா. இந்தக் காலத்தில் யூத நிறுவனம் என்றால் அப்படித்தான். சுவரில் யூதரைத் திட்டிக் கண்டதையும் எழுதிவிட்டுப் போன நாட்கள் உண்டு. ஒரு நாள் காலை வேலியோரம் துவாயால் சுற்றிய பெரிய பொதி ஒன்று கிடந்தது. பெயரில்லை, வைத்தவரையும் காணவில்லை. டேவ் எல்லாரையும் பின்பக்கம் கார் நிறுத்துகிற இடத்துக்கு அனுப்பினார். சக்கர நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடினோம். குளிர்.  ஊரில் ஷெல்லுக்கு ஓடி ஒதுங்கியதும் செய்வது மாதிரி, வந்து சேர்ந்த தலைகளை எண்ணத் தொடங்கினேன். மிரியம் என் கையைப் பிடித்தார். அவர் கையும் சில்லிட்டுத்தான் இருந்தது.

பொலிஸ் வந்து பார்த்தது. பொதிக்குள் பானை, பானைக்குள் யூத வீடுகளில் எந்த நோய்க்கும் மருந்தாகக் கொடுக்கிற கோழிச் சூப். எனக்குச் சளித் தடிமன் என்று கேள்விப்பட்டு, நாங்கள் உதவிய ஒருவரின் மகள் வேலைக்குப் போகிற அவசரத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். டேவ் பானையைக் கோயில் பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். முதலில் சிரித்தது யார் என்று தெரியாது. நிறுத்தத்தான் ஒருவருக்கும் ஏலவில்லை. மிரியம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "கோழிச் சூப்புக்குப் பயந்து ஓடின முதல் யூதர் நாங்கள்தான்."

மிஸஸ் அட்லர் கேட்காதது

மிஸஸ் அட்லர் வியன்னாவில் பிறந்தவர். அங்கே யூதரை வேட்டையாடிய காலத்தில் சின்னப் பிள்ளையாக, தாய் தகப்பன் இல்லாமல், ரயிலிலும் கப்பலிலும் தனியாக இங்கே வந்து சேர்ந்தவர். இப்போது தொண்ணூறு கடந்துவிட்டார். கை நடுக்கம், மறதி. விழுந்து எழும்பியும் இருக்கிறார். கவுன்சில் உதவிக்கு ஆள் அனுப்பியது காலையில் மட்டும்தான். பின்னேரமும் வேண்டும் என்று நான் கேட்டிருந்தேன். நிலைமையைப் பார்த்து முடிவு செய்ய ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷி, ஒவ்வொன்றாகக் கேட்டார். தனியாகக் குளிக்க முடியுமா? "ஓம், வடிவா." சமைக்க? "பிரச்சினையே இல்லை." விழுவீர்களா? "நானோ? இல்லையே!"

மூன்றுமே உண்மையில்லை. ஆனால் அந்தப் பதில் எனக்குப் பழக்கமான பதில். என் அம்மாவும் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நெஞ்சு நோவோடு டொக்டரிடம் போய், "ஒரு கரைச்சலும் இல்லை" என்று சொல்லிவிட்டு வருவார். கரைச்சல் கொடுக்கிற ஆள் என்று தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். பாஸ்போர்ட் கிடைத்த பிறகும் அம்மாவுக்கு அது போகவில்லை. மிஸஸ் அட்லருக்கு ஒரு ஆயுட்காலம் முழுக்கப் போகவில்லை.

அதிகாரி பேனாவை மூடும்போது மிஸஸ் அட்லர் எழும்பினார். வீட்டுக்கு வந்தவர்களைத் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்புவது அவரால் ஏலாத காரியம். நான் போடுகிறேன் என்று எழும்பப் போனவள், அதிகாரி கண்ணால் பார்க்கட்டும் என்று அப்படியே இருந்துவிட்டேன். இந்த உத்தியோகத்தில் நான் செய்த மிகக் கஷ்டமான வேலை, அந்தக் கதிரையை விட்டு எழும்பாமல் இருந்ததுதான். கேத்திலைத் தூக்கப் பார்த்தார்; முடியவில்லை. கோப்பை எங்கே என்று அலுமாரி அலுமாரியாகத் திறந்தார். கோப்பைகள் அவருக்கு முன்னால் மேசையிலேயே இருந்தன. கொதித்த தண்ணீரோடு கேத்தில் சரிந்தபோது அதிகாரியும் நானும் ஒன்றாகப் பாய்ந்தோம். அதிகாரிதான் முதலில் பிடித்தார். பிறகு அவரும் மிஸஸ் அட்லருமாகத் தேத்தண்ணி போட்டார்கள்; சீனி எவ்வளவு என்று மிஸஸ் அட்லர்தான் அதிகாரம் பண்ணினார். குடித்து முடித்த அதிகாரி, மூடிய பேனாவைத் திறந்தார்.

பின்னேரத்துக்கு மட்டுமல்ல, மத்தியானத்துக்கும் ஆள் கிடைத்தது. சொல்லப் போனபோது என் மனதில் ஒரு உறுத்தல், கோபித்துக்கொள்வாரோ என்று. மிஸஸ் அட்லர் கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்தார். பிறகு விரலை ஆட்டிச் சொன்னார்: "வரட்டும். ஆனா நான் ஒண்டும் கேக்கேல்லை எண்டு எழுதி வையுங்கோ."

ஒரு மினிபஸ், இரண்டு சனம்

எங்கள் மையத்துக்கு ஆட்களை ஏற்றிவருகிற மினிபஸ் மற்ற நாட்களில் வெம்பிளித் தமிழ் முதியோர் சங்கத்துக்கும் ஓடுகிறது. அதைக் கவுன்சில் நிறுத்தப்போகிறது என்று செய்தி வந்தது. பஸ் நின்றால் இரண்டு பக்கத்துக் கிழவர்களும் வீட்டுக்குள்தான். சேர்ந்து போவோம் என்றார் மிரியம். சொல்வது லேசு. எங்கள் பக்கத்தில் இரண்டு வழிபாட்டுத்தலத்து ஆட்கள், யார் யூதர் சார்பில் பேசுவது என்று முறுகிக்கொண்டார்கள். தமிழ்ப் பக்கத்தில், சங்கத்துச் செயலாளர் இராசையா மாஸ்டர் வந்து இருந்து பத்து நிமிடமாகவில்லை, நாங்கள்தான் உண்மையான சங்கம் என்று இன்னொரு சங்கம் வந்து நின்றது.

கடைசியில் மிஸ்டர் லெவியும் மாஸ்டரும் ஒரு மூலையில் போய் இருந்து பேசி முடிவெடுத்தார்கள். கவுன்சில் கூட்டத்தில் இராசையா மாஸ்டர் எழும்பி யூத முதியவர்களுக்காகப் பேசினார்: நாலாம் மாடியில் அடைபட்டுக் கிடந்த ஒரு மனிதரின் கதையை, பெயர் சொல்லாமல், பள்ளிக்கூட வாத்தியார் குரலில். பிறகு மிஸ்டர் லெவி தமிழர்களுக்காகப் பேசினார்: புருஷன் போன பிறகு கிழமையில் ஒரு நாள் இந்த பஸ்ஸில் ஏறினால்தான் மனித முகம் பார்க்கிற ஒரு அம்மாவைப் பற்றி. தங்கள் பக்கத்துக்காகப் பேசியிருந்தால் இரண்டு பேரும் சண்டை பிடித்திருப்பார்கள். மற்றவருக்காகப் பேசியபோது மண்டபமே கைதட்டியது. பஸ் தப்பியது. திரும்பி வரும்போது அதே பஸ்ஸில் மாஸ்டர் என் காதுக்குள் சந்தோஷமாகச் சொன்னார்: "உந்த யூதருக்குள்ளையும் மூண்டு பேருக்கு ஒரு சங்கமாம். எங்கட ஆக்கள்தான், பிள்ளை!"

ரோஸும் மொரிஸும்

ரோஸ் எங்கள் பகுதியில் ஒரு யூத முதியோர் இல்லத்தில் இருந்தார். கணவர் மொரிஸுக்கு ஒரு பக்கம் விழுத்துகிற பாரிசவாதம் வந்து ஆஸ்பத்திரி. அங்கிருந்து விடும்போது, ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஓர் இல்லத்தில் கட்டில் காலியாக இருக்கிறது, அங்கே அனுப்பலாம் என்றார்கள். யூதரின் ஓய்வுநாள் தொடங்கும் வெள்ளிக்கிழமை மாலை மெழுகுதிரி ஏற்ற ஆளில்லாத இடம்; ரோஸுக்கோ அவ்வளவு தூரம் போய்வர உடம்பில்லை. கூட்டத்துக்குக் கூட்டம் போனேன். கட்டில் கட்டில் என்றே பேசினார்கள். "அவருக்குக் கட்டில் தேவையில்லை, மனுசிக்குப் பக்கத்திலை ஒரு கட்டில் தேவை" என்று நானும் விடாமல் சொன்னேன். ஒரு கட்டத்தில் எனக்கே நம்பிக்கை போய்விட்டது. பிறகு ரோஸ் இருந்த அதே நடையில், சில கதவுகள் தள்ளி, ஓர் அறை காலியானது. ஆஸ்பத்திரியும் காத்திருக்க ஒத்துக்கொண்டது.

மொரிஸ் வந்த அன்று ரோஸ் உதட்டுச்சாயம் பூசிக்கொண்டு விடிந்ததிலிருந்தே வாசலில் இருந்தாராம். சக்கர நாற்காலி உள்ளே வந்தது.  மொரிஸ் வாதம் தொடாத கையால் ரோஸின் கையைப் பிடித்தார், அவ்வளவுதான். நான் கழிவறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்தேன். மறுநாள் எப்படி இருக்கிறார்கள் என்று ஃபோன் பண்ணினேன். ரோஸின் குரல் நித்திரைக் கலக்கத்தில் கரகரத்தது: "நடை முழுக்க அவரின்ரை குறட்டைதான். உங்களுக்கு நன்றி சொல்லுறதோ, உங்களிலை முறைப்பாடு குடுக்கிறதோ எண்டு யோசிச்சுக்கொண்டிருக்கிறன்."

முறைப்பாடு சொல்கிற கிழவர்கள் நல்ல சுகத்தோடு இருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம் என்பதால், இந்த உத்தியோகத்தில் நான் திட்டு வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகப் பழகிவிட்டேன்.