சத்தியவானின் பெருவிரல்கள்

குரோருட் நிலையத்தில் ரயில் ஏறும்போது அவர் கையில் வெறும் ஊசிகள் இருக்கும். யெர்ன்பானெதோர்கெட்டில் இறங்கும்போது பன்னிரண்டு ஊசிகளிலும் நூல் கோத்து, மேல்சட்டையின் இடது மடிப்பில் வரிசையாகக் குத்தியிருப்பார்: நான்கு வெள்ளை, நான்கு கறுப்பு, மூன்று தோல் நிறம், ஒன்று சிவப்பு. பயணம் ஏறத்தாழ பதினெட்டு நிமிடம். கண்ணாடி போடுவதில்லை. ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்ததும் ஊசியைக் கூரை விளக்குக்கு நேரே பிடிப்பார். "வெளிச்சம் ஆடுறேல்லை அண்ணை, நாங்கள்தான் ஆடுறம்" என்பார்.

உதயகுமாரிக்கு ஐம்பத்தாறு வயது. ஒஸ்லோவில் ஒவ்வொரு ஓகஸ்டிலும் நடக்கும் ஓபரா விழா ஒன்றில், பாடுகிறவர்களுக்கு மேடைக்குப் பின்னால் உடை மாற்றிவிடுவது அவர் வேலை. பதினோரு பருவங்களாகச் செய்கிறார். ஒவ்வொரு பருவத்துக்கும் புதிதாகக் கையெழுத்திடுகிறார். அதே அரங்கின் பின்வாசலில் வருவோர் போவோரின் பெயரையும் நேரத்தையும் பதிவேட்டில் எழுதுவது என் தொண்டு. அதனால் இருவரும் ஒரே பெட்டியில் போகிறோம். பதினோரு பருவங்களில் அவர் பிந்தியது ஒரே ஒரு நாள். அன்று தண்டவாளத்தில் ஓர் எல்க் மான் நின்றது.

பாடகர்களின் பெயர்கள் அவர் வாயில் வருவதில்லை. ஏற்கும் பாத்திரத்தைச் சொல்லித்தான் கதைப்பார். இந்த ஆண்டு விழாவின் நான்கு ஓபராக்களும் தொன்மக் கதைகள் என்பதால், ரயிலில் பக்கத்தில் இருக்கும் தமிழர்கள் அடிக்கடி திரும்பிப் பார்த்தார்கள். "கடற்கன்னிக்குத் தடிமல்." "யமனுக்கு நேற்று இடுப்பிலை ஸிப் பிஞ்சு போச்சு, வாய்க்குள்ளை ஊசியோடை நிண்டு தைச்சனான்." உடை மாற்றும்போது விநாடிகளைத் தமிழில்தான் எண்ணுவார். ஹம்மர்பெஸ்டிலிருந்து வந்த ஸ்தைனார் என்ற பாடகருக்கு இப்போது நாற்பது வரை தமிழில் எண்ணத் தெரியும். முப்பத்தெட்டு மட்டும் சரியாக வராது.

அந்த ஸ்தைனார்தான் இந்த ஆண்டு சத்தியவான். நான்காவது ஓபரா, யமனிடம் வாதாடிக் கணவனின் உயிரை மீட்ட சாவித்திரியின் கதை. இயக்குநர் எமிலியா மே மாதம் தையல் அறைக்கு வந்து, உதயகுமாரியின் எதிரே அமர்ந்து, உங்கள் ஆட்கள் இறந்தவரை எப்படிக் கிடத்துவார்கள் என்று கேட்டார். இவர் நாற்பது நிமிடம் சொன்னார். குளிப்பாட்டுவது, தாடையைக் கட்டுவது, நெற்றியில் காசு வைப்பது, இரண்டு கால் பெருவிரல்களையும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டுவது. எமிலியா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

"பதினொரு வருசத்திலை ஒருத்தரும் எங்கடை விசயம் ஒண்டும் கேட்டதில்லை" என்றார் பிறகு. "கேட்ட புளுகத்திலை, சந்தோசத்திலை, எல்லாத்தையும் கொட்டிப்போட்டன்."

ஒத்திகை தொடங்கியபோது, மேடைக் குறிப்பில் கடைசியில் சொன்ன அந்த ஒன்று மட்டும் இருந்தது. சத்தியவானின் பெருவிரல்களை அறுபது சென்ரிமீற்றர் வெள்ளை நாடாவால் கட்ட வேண்டும். கட்ட வேண்டியவர் என்பதற்கு நேரே உதயகுமாரி என்று இருந்தது.

அதே வாரத்தில்தான் ஆடைப் பிரிவில் ஒரு நிரந்தர இடம் காலியானது. எமிலியாவின் கருத்தையும் கேட்டுத்தான் ஆளைத் தெரிவு செய்வார்கள். கிடைத்தால் ஒவ்வொரு செப்டெம்பரிலும் வேலை தேடுவோர் பட்டியலில் மறுபடி பெயர் பதியத் தேவையில்லை. விண்ணப்பத்தை அவர் மூன்று முறை எழுதினார். ஓய்வு பெற்ற பஸ் சாரதியான கணவர் சற்குணம் அதை வாசித்துப் பார்த்துவிட்டு, "சாவித்திரி யமனையே மடக்கி வரம் வாங்கினவள். நீ ஒரு கடிதத்துக்கு இந்தப் பாடு படுறாய்" என்றாராம்.

முதலில் அவர் மறுக்கவில்லை. வீட்டில் ஒரு நாடாவைத் தைத்துக் கொண்டுபோனார். முன்னால் பார்த்தால் முடிச்சுப் போலத் தெரியும், வெறும் தையல்தான். பின்னால் ஒரு பிரஸ் பட்டன். "முடிச்சு இல்லாட்டில் அது கட்டு இல்லைத்தானே, அண்ணை" என்று என்னிடம் கேட்டார். மூன்று ஒத்திகைகள் வரை ஒருவரும் கவனிக்கவில்லை. நான்காவதில், வாத்தியங்கள் எல்லாம் ஓய்ந்து நிற்கும் இடத்தில், ஸ்தைனார் காலை அசைத்துவிட்டார். பட்டன் திறந்த சத்தம் கடைசி வரிசை வரை கேட்டது. யமனாக நின்றவர் சிரித்துவிட்டார்.

பிறகு நடந்ததை உதயகுமாரி மறுநாள் ரயிலில் சொன்னார். ஸ்தைனாரும் தனியாக என்னிடம் சொன்னார். இரண்டும் ஒத்துப்போகின்றன.

எமிலியா கோபப்படவில்லை. "உண்மையான முடிச்சே போடுங்கள். நீங்கள்தானே சொல்லித் தந்தீர்கள்?" என்றார்.

"நான் செத்தவருக்குச் சொன்னேன். இவர் உயிரோடு இருக்கிறார்."

"இது நாடகம், உதயா."

"நாடகம் உங்களுடையது. கால் இவருடையது."

சண்டை வேண்டாம், நானே கட்டிக்கொள்கிறேன் என்று ஸ்தைனார் குனிந்து நாடாவை எடுத்தார். உதயகுமாரி அவர் கையில் ஓர் அடி போட்டார். "என் அம்மாகூட என்னை அடித்ததில்லை" என்றார் அவர். அதற்கு இவர், "அதுதான் இப்பிடி வளர்ந்திருக்கிறீர்" என்று தமிழில் சொல்லிவிட்டு, மொழிபெயர்க்க மறுத்துவிட்டார்.

எமிலியா அந்தக் காட்சியில் கட்டுவதையும் அவிழ்ப்பதையும் சிந்தியா என்ற இன்னோர் உதவியாளரிடம் கொடுத்தார். உதயகுமாரிக்கு மிஞ்சியது சட்டையும் காலணியும்.

ஏழு காட்சி நாட்கள். சிந்தியா ஆறு நாள் நன்றாகவே கட்டினார், நன்றாகவே அவிழ்த்தார். ஸ்தைனாருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை நான் சொன்னபோது உதயகுமாரி, "ஆகாட்டில் நல்லதுதானே. ஆகவேணுமெண்டே நான் நிக்கிறன்?" என்றார். ஆறு நாளும் அவர், வழக்கமாக இடைவேளையில் சாப்பிடும் இரவுச் சாப்பாட்டைக் காட்சி முடிந்த பிறகுதான் சாப்பிட்டார் என்பது சிந்தியா சொல்லித்தான் தெரியும்.

கடைசி நாள் ரயிலில் உதயகுமாரியின் கைப்பேசிக்குக் கடிதம் வந்தது. நிரந்தர இடம் வேறொருவருக்கு. அடுத்த பருவத்துக்கு வழக்கம்போல் அழைப்பார்களாம். ஒதுக்கப்பட்ட மேடைப் பணியைச் செய்யாதது பற்றி ஒரு வரி இருந்தது. அந்த வரியை அவர் இரண்டு தரம் வாசித்தார். "உண்மையைத்தானே எழுதியிருக்கினம்" என்றார். அப்போது ஏழு ஊசிகள் முடிந்திருந்தன. கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டு மற்ற ஐந்திலும் நூல் கோத்தார்.

கடைசிக் காட்சி என்பதால் பக்கத்திரைக்குப் பின்னால் நிற்க என்னை அனுமதித்தார்கள். சத்தியவானைப் பாடையோடு சுமந்து வந்து இருட்டில் இறக்கினார்கள். நாற்பது விநாடியில் அவர் உயிருள்ள மனிதனின் உடையில் நடந்து போக வேண்டும். சிந்தியா கால்பக்கம் குனிந்தார். உதயகுமாரி அவர் தோளில் கை வைத்தார். சிந்தியா நிமிர்ந்து பார்த்துவிட்டு, சட்டையை வாங்கிக்கொண்டு தலைமாட்டுக்குப் போனார்.

முடிச்சு இறுகியிருந்தது. உதயகுமாரி நகத்தால் அவிழ்த்தார். உதடு மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது. பதினொன்றில் நாடா கழன்றது. ஸ்தைனாரின் வலது காலைத் தூக்கித் தரையில் வைத்தார். இடது காலை அதிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தார். இரண்டு பாதங்களையும் உள்ளங்கையால் ஒருமுறை அழுத்திவிட்டுத்தான் காலணியை எடுத்தார்.

"முப்பத்தெட்டு" என்றார் ஸ்தைனார், எழுந்துகொண்டே. இந்த முறை சரியாக வந்தது. அவர் வெளிச்சத்துக்குள் நடந்து போனார்.

உதயகுமாரி எழுந்திருக்கவில்லை. நாடாவை முழங்காலின் மேல் நீளமாக விரித்து, முடிச்சு இருந்த இடத்தின் சுருக்கம் போகும்வரை பெருவிரலால் நீவிக்கொண்டிருந்தார்.