முப்பது மில்லி நீரும் மூன்று மீட்டர் நடையும்

மற்றவர்கள் நடப்பதை ஓரமாக நின்று பார்ப்பதற்கென்றே ஒரு வேலை இருக்கிறது என்றால் பலர் நம்புவதில்லை. நான் மூன்று வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

சிங்கப்பூர் ஆஸ்பத்திரி ஒன்றின் மூளை, நரம்பு வார்டில் நான் பிசியோதெரபிஸ்ட். குரல் கொஞ்சம் மெதுவானது. நான் "ஸ்டார்ட்" சொல்லி, நோயாளி "ஏதாச்சும் சொன்னீங்களா?" என்று திருப்பிக் கேட்பதற்குள் நாலு செகண்டு ஓடிவிடும். அப்பாவையோ அம்மாவையோ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்து, நம்பர் வரும்வரை ஏர்கான் குளிரில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவர்கள் எல்லோரும் எனக்கு உறவுக்காரர்கள்தான். இது உங்களுக்காக.

முதலில் ஒரு விஷயம். நம் மூளைக்குள் நான்கு அறைகள் இருக்கின்றன. அவற்றில் தினமும் அரை லிட்டர் போல ஒரு நீர் ஊறுகிறது. மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றிவந்து கடைசியில் ரத்தத்தில் கலந்துவிடுகிறது. மூளை அதில் மிதந்துகொண்டிருப்பதால்தான் பஸ் பள்ளத்தில் விழுந்தாலும் மண்டைக்குள் எதுவும் இடிப்பதில்லை. வயதான சிலருக்கு இந்த நீர் சரியாக வடியாமல் அறைகள் வீங்கிவிடும். அப்போது கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும், ஞாபகம் நழுவும், பாத்ரூமுக்குப் போய்ச் சேருவதற்குள் அவசரம் முந்திக்கொள்ளும். வீட்டில் "வயசாயிடுச்சு" என்று சொல்லிவிடுவார்கள். பல சமயம் அது வெறும் வயசுதான். சில சமயம் இந்தத் தண்ணீர்.

எது என்று கண்டுபிடிக்க, இடுப்புக்கு மேலே முதுகில் ஊசி போட்டு முப்பது மில்லி எடுப்பார்கள். எடுக்கும் முன் ஒரு நடை, எடுத்த பின் ஒரு நடை. இரண்டுக்கும் நல்ல வித்தியாசம் இருந்தால், தலையிலிருந்து வயிறுவரை தோலுக்கு அடியில் ஒரு குழாய் வைத்து நிரந்தரமாக வடியவிடலாம். வித்தியாசம் இல்லை என்றால் டாக்டர்கள் கத்தியை எடுக்கத் தயங்குவார்கள். அந்த இரண்டு நடையையும் அளப்பவன் நான்.

நாலு நிமிடத் தாமதம்

மாணிக்கம் அங்கிளுக்கு எழுபத்து மூன்று வயது. ஒரு பஸ் இன்டர்சேஞ்சில் முப்பத்தொரு வருடம் டைம்கீப்பராக இருந்தவர். எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று எழுதிவைப்பதுதான் வேலை. ரிட்டயர் ஆன பிறகும் தினமும் சுவா சூ காங் வீட்டிலிருந்து இறங்கி, ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறி, கடைசி ஸ்டாப்வரை போய்த் திரும்பி வருவாராம். வேறு பொழுதுபோக்கு கிடையாது.

போன வருடம் ஒரு நாள் பஸ்ஸில் ஏறும்போது வாசலிலேயே கால் ஒட்டிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. டிரைவர் இறங்கி வந்து, இரண்டு பயணிகள் கைகொடுத்து, ஒருவழியாக உட்காரவைத்தார்கள். அன்றைக்கே மகள் ஷாமளா அக்கா அவருடைய பஸ் கார்டை வாங்கி அலமாரியில் பூட்டிவிட்டார். அந்தக் கார்டு திரும்பக் கிடைக்க வேண்டும், அதற்கு ஆபரேஷன் நடக்க வேண்டும், அதற்கு என் சோதனையில் வித்தியாசம் தெரிய வேண்டும். இவ்வளவுதான் விஷயம். கால் வலிக்கிறதா என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "வலியெல்லாம் இல்ல தம்பி, என்னால அந்த பஸ் நாலு நிமிஷம் லேட்" என்றார்.

வாய்ட் டெக்கில் டியூஷன்

முதல் நடை. நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். டாக்டரின் குறிப்பில் "மிகவும் சிரமப்பட்டு நடக்கிறார்" என்று இருந்தது. மாணிக்கம் அங்கிளோ எழுந்தார், லெப்ட் ரைட் என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டே போனார், அரை வட்டம் அடித்தார், உட்கார்ந்தார். பதினெட்டு செகண்டு. எங்கள் தொழிலில் "வெரி குட்" என்பது கொட்டாவி மாதிரி, தானாக வந்துவிடும். வந்துவிட்டது.

ஷாமளா அக்காவின் முகத்தில் அப்படி ஒரு பெருமை. பிறகுதான் கதை வெளியே வந்தது. ஆஸ்பத்திரிக் கடிதத்தில் 'நடைச் சோதனை' என்று இருந்திருக்கிறது. மகனை இப்போதுதான் ஆறாம் வகுப்பு பி.எஸ்.எல்.இ. பரீட்சை எழுதவைத்து முடித்த கை, சும்மா இருக்குமா? வீட்டு நாற்காலியை லிப்ட்டில் இறக்கி, பிளாக்கின் அடியில் திறந்த கூடமாக இருக்கும் வாய்ட் டெக்கில் மூன்று மீட்டருக்கு டேப் ஒட்டி, காலையும் மாலையும் மூன்று வாரம் அப்பாவுக்குப் பயிற்சி. நேரத்தை வேறு நோட்டில் எழுதிவைத்திருந்தார். இந்தச் சோதனையில் முதல் நடை உள்ளது உள்ளபடி மோசமாக இருந்தால்தான் அடுத்த நடையில் முன்னேற்றம் தெரியும், இப்படி நன்றாக நடந்தால் ஆபரேஷனே கிடைக்காமல் போகலாம் என்று நான் என் மெதுவான குரலில் இரண்டு தடவை விளக்கினேன். அவர் நோட்டை மெல்ல மூடினார். "சிங்கப்பூர்ல பெயில் ஆனாத்தான் சீட்டுன்னு ஒரு பரீட்சை இருக்குன்னு யாரும் எனக்குச் சொல்லலையே தம்பி."

பக்கத்துக் கட்டிலின் பிட்

பக்கத்துக் கட்டிலில் நைனா பாய். தேக்காவில் பெட்டிக்கடை மாதிரி ஒரு சூட்கேஸ் கடை வைத்திருப்பவர். அவருக்கும் இதே வியாதி. நாலு நாளைக்கு முன்புதான் குழாய் வைத்திருந்தார்கள். பாதி மொட்டையை மறைக்கத் தொப்பி போட்டுக்கொண்டு, வார்டில் மேற்பார்வையாளர் மாதிரி உலாத்துவார்.

டாக்டர் வந்து மாணிக்கம் அங்கிளின் ஞாபகத்தைச் சோதித்தார். கோயில், ரயில், மாம்பழம் என்று மூன்று வார்த்தைகளைச் சொல்லி, ஐந்து நிமிடம் வேறு ஏதோ பேசிவிட்டு, அவற்றைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். நான்தான் மொழிபெயர்ப்பு. அங்கிளுக்குக் கோயில் வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. அவர் கண் மெல்ல என் தோளுக்குப் பின்னால் போனது. திரும்பிப் பார்த்தால், பாய் இரண்டு முழங்கையையும் ரயில் சக்கரம் மாதிரி சுற்றிக்கொண்டு இருக்கிறார். அடுத்ததாக மாம்பழத்தைச் சாறு ஒழுக உறிஞ்சவும் ஆரம்பித்துவிட்டார்.

டாக்டர் சிரிக்காமல் திரையை இழுத்து மூடினார். திரைக்கு அந்தப் பக்கமிருந்து பாயின் குரல் வந்தது: "அவர் ஞாபகத்த எழுதுறீங்க சரி டாக்டர், என்னோடதையும் ஒரு ஓரமா எழுதிக்குங்க. போன வாரம் எனக்கு அதுவும் இல்ல லா."

பொய் டைம்

மத்தியானம் நான் திரும்பிப் போனபோது பாயும் ஷாமளா அக்காவும் மாநாடு நடத்திக்கொண்டிருந்தார்கள். பாயின் யோசனை எளிமையானது. முதல் நடையை இன்னொரு தடவை எடுக்கச் சொல்ல வேண்டியது. இந்தத் தடவை அங்கிள் இழுத்து இழுத்து நடக்க வேண்டியது, நடுவில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு பெருமூச்சு. எப்படி என்று பாய் நடந்தே காட்டினார். ஷாமளா அக்கா, சுவர் வேண்டாம், கட்டில் கம்பியைப் பிடித்தால் இயல்பாக இருக்கும் என்று திருத்தம் சொன்னார். நான் இருப்பது இரண்டு பேருக்கும் பொருட்டே இல்லை.

மாணிக்கம் அங்கிள் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா அவர் கையைப் பிடித்து, ஒரே ஒரு தடவைதானேப்பா என்று கெஞ்சினார். அவர் கையை விடுவித்துக்கொண்டார். "லேட்டா போன பஸ்ஸ லேட்டுன்னும், கரெக்டா போனத கரெக்டுன்னும்தான் எழுதினேன். இப்ப என் காலுக்கு மட்டும் பொய் டைம் எழுதச் சொல்றியாம்மா?"

பாத்ரூம் வாசல்

பொய்யும் கூடாது, டியூஷன் நடையும் கூடாது. சீனியரிடம் கேட்டேன். பழகாத பாதையில் கூட்டிக்கொண்டு போ, வாய்க்கு வேறு வேலை கொடு என்றார்.

மறுநாள் காலை, ஊசிக்கு முன்பு, வார்டின் கடைசியில் இருக்கும் பாத்ரூம்வரை நடக்கலாம் என்று அங்கிளைக் கூப்பிட்டேன். நடந்துகொண்டே நூறிலிருந்து மும்மூன்றாகக் குறைத்துச் சொல்ல வேண்டும். நூறு, தொண்ணூற்றேழு வரை லெப்ட் ரைட் தாக்குப்பிடித்தது. தொண்ணூற்று நாலில் டியூஷன் உதிர்ந்துபோனது. பாதம் தரையை விட்டு எழவில்லை. கம்பளத்தை இழுப்பது போல உரசிக்கொண்டு வந்தது. பாத்ரூம் வாசலில் நின்றே விட்டார். உடம்பு முன்னால் சாய்கிறது, கால் மட்டும் வரமாட்டேன் என்கிறது. நான் அவர் இடுப்பில் கட்டியிருந்த பெல்ட்டைப் பிடித்துக்கொண்டேன். ஷாமளா அக்கா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையில் நோட்டு இல்லை.

போய்த் திரும்ப ஒரு நிமிடம் ஐம்பது செகண்டு. அதில் பெரும்பகுதி அந்த வாசலிலேயே கழிந்தது. திரும்பிப் பார்க்க முடியாத நிலையில் அங்கிள் என்னிடம் கேட்டார், பின்னால் யாராவது காத்திருக்கிறார்களா என்று. தள்ளுவண்டியோடு ஒரு நர்ஸ், துண்டோடு ஒரு சீனத் தாத்தா, கால் மாற்றிக் கால் மாற்றி நின்ற நைனா பாய். நான் இல்லை என்று சொல்ல வாய் திறப்பதற்குள் பாய் முந்திக்கொண்டார். "நாங்க சும்மா நிக்கிறோம் லா, நீங்க உங்க டைமுக்கு வாங்க."

தெளிந்த நீர்

பத்து மணிக்கு ஊசி. ஒருக்களித்துப் படுத்து, முழங்காலை நெஞ்சோடு சேர்த்து, இறால் மாதிரி வளைந்துகொள்ள வேண்டும். சொட்டுச் சொட்டாகச் சின்னச் சின்னக் குப்பிகளில் முப்பது மில்லி. முடிந்ததும் ஷாமளா அக்கா ஒரு குப்பியை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு ஏமாந்துபோனார். அப்பாவை இந்தப் பாடு படுத்திய தண்ணீர் கலங்கலாக, குறைந்தது மஞ்சளாகவாவது இருக்கும் என்று நினைத்திருக்கிறார். அது அப்படியே குழாய்த் தண்ணீர் மாதிரி இருந்தது. அப்படி இருப்பதுதான் நல்லது, வியாதி தண்ணீரில் இல்லை, அது வடியாததில்தான் என்று சொன்னேன்.

படுத்திருந்த மாணிக்கம் அங்கிள் தனக்கும் காட்டச் சொன்னார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குப்பியை ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்தார். அரை டம்ளருக்கும் குறைவு. "இந்தத் தண்ணிக்கா ஒரு வருஷமா எம்மககிட்டத் திட்டு வாங்கினேன்?"

தாமதத்துக்குக் கையெழுத்து

மூன்று மணி நேரம் கழித்து நடக்கவைத்தேன். பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. சிலருக்கு மறுநாள்தான் தெரியும் என்று சொன்னேன். நான் ஆறுதலுக்குச் சொல்வதாக அக்கா நினைத்துக்கொண்டார். மறுநாள் காலையிலும் இப்படியே இருந்தால் படிவத்தில் நான் எழுதப்போகும் ஒரு வரி, கார்டைப் பூட்டிவைத்த அந்த அலமாரியைத் திறக்கவே விடாது.

மறுநாள் காலை அதே பாதை, அதே நூறிலிருந்து மும்மூன்றாக. எண்பத்தைந்தில் ஒரு தப்பு செய்தார், ஆனால் கால் நிற்கவில்லை. வாசல் வந்தது. நான் பெல்ட்டை இறுக்கிப் பிடித்தேன். அவர் கதவைத் தாண்டி, உள்ளே திரும்பி, வெளியே வந்து, என்னையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். முப்பத்தெட்டு செகண்டு. ஷாமளா அக்கா கைப்பையில் எதையோ தேட ஆரம்பித்தார், ரொம்ப நேரம் தேடினார். இந்தத் தடவை "வெரி குட்" எனக்கு வரவில்லை.

அங்கிள் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தாறுதான் என்றார். என் கட்டைவிரல் இரண்டு செகண்டு தாமதமாம். என் கடிகாரம் காட்டுவதைத்தான் நான் எழுத முடியும் என்றேன். எட்டிப் பார்த்தார், நான் முப்பத்தெட்டு என்றே எழுதியிருந்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, எழுதுனவர் கையெழுத்துப் போடணும். போடுங்க" என்றார்.

வால்வு

ஆபரேஷன் நடந்தது. இரண்டு மாதம் கழித்து மறுபரிசோதனை. ஷாமளா அக்கா மட்டும் தனியாக, கோபமாக வந்து உட்கார்ந்தார். அப்பா எங்கே என்றேன். அதைத்தான் நானும் கேட்கிறேன் என்றார்.

கார்டு கைக்கு வந்த நாளிலிருந்து மனிதர் வீட்டில் தங்குவதில்லையாம். பொங்கோல்வரை ஒரு நாள், காத்தோங்வரை ஒரு நாள். மத்தியானம் தேக்காவில் நைனா பாய் கடையில் இறங்கி, இரண்டு பேருமாகத் தே தாரிக் டீ. அதற்குப் பிறகு பாயும் சேர்ந்து பஸ் ஏறுகிறாராம். கைப்பேசியை அணைத்துவிடுவது, சாப்பாட்டு நேரத்துக்கு வராதது, கேட்டால் ரோட்டில் நெரிசல் என்பது. பையனைக்கூட இப்படித் தேடி அலைந்ததில்லை என்றார் அக்கா.

அப்பாயின்ட்மென்ட் நேரத்துக்குச் சரியாக அங்கிள் கதவைத் திறந்துகொண்டு வந்தார். தனியாக பஸ்ஸில் வந்தேன், ஏறி உட்காரும்வரை டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னார். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

அவர் எடை பார்க்கப் போன சமயத்தில், குழாயோடு சேர்த்துத் தலைத் தோலுக்கு அடியில் வைத்திருக்கும் வால்வைப் பற்றி அக்கா விசாரித்தார். தேவைப்பட்டால் வெளியிலிருந்தே காந்தத்தை வைத்து, நீர் வடியும் அளவைக் கூட்டவோ குறைக்கவோ டாக்டரால் முடியும், அறுக்க வேண்டியதில்லை என்றேன். அவர் நாற்காலியை என் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். "அப்ப டாக்டர்கிட்டச் சொல்லி ஒரு சுத்து டைட் பண்ணிவிடுங்க தம்பி. சாயங்காலம் ஆறு மணிக்கு வீடு வந்து சேருற அளவுக்கு இருந்தாப் போதும்."

ஒருவரை நடக்கவைப்பதோடு எங்கள் வேலை முடிந்துவிடுகிறது. நடந்து அவர் எங்கே போகிறார் என்று எழுத எங்கள் படிவத்தில் கட்டம் கிடையாது.