தமையனார் விழுந்து கும்பிட்ட குண்டு

பீரங்கிக் குண்டுக்கு அபிஷேகம் செய்தவன் நான். எங்கள் தமையனாரைப் பற்றி இந்த நினைவு மலரில் எழுத எனக்குள்ள தகுதி இதுவே. வெட்கத்தோடு தேடிப் பார்த்தும் வேறு தகுதி அகப்படவில்லை.

தமையனார் முக்கூடலில் பிறந்தார்கள். தகப்பனார் சீக்கிரமே சிவபதம் அடைந்துவிட, தாலுகா கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்து என்னைப் படிக்கவைத்தார்கள். தமக்கென்று அவர்கள் வைத்துக்கொண்ட ஒரே ஆசை, பழைய கோட்டைகளைப் பார்ப்பது. பாளையங்கோட்டையில் இடிபடாமல் மிஞ்சிய கொத்தளத்தைத் தடவிப் பார்ப்பார்கள். சென்னைப் பட்டணம் போனால், ஜனங்கள் 'செத்த காலேஜ்' என்கிற மியூசியத்தில் பழைய பீரங்கிகளின் முன்னே நின்றுவிடுவார்கள். "இடிஞ்ச சுவரைப் பாக்க ரயில் சார்ஜா?" என்று, அவர்கள் காசில் படித்த நான் கேலி செய்வேன்.

என் மகளுக்கு ஆழ்வார்குறிச்சியில் சம்பந்தம் பேசியிருந்தோம். ஜாதகம் பொருந்தியும் மாப்பிள்ளை வீட்டார் வாக்குக் கொடுக்கவில்லை. மாப்பிள்ளையின் தகப்பனாரையும் அழைத்துக்கொண்டு சுசீந்திரம் கோயிலுக்கு வண்டி கட்டினோம். வழியில் ஆரல்வாய்மொழிக் கணவாயில், திருவாங்கூர் ராஜ்யத்தின் பழைய எல்லைக் கோட்டைச் சுவரைப் பார்க்கத் தமையனார் இறங்கினார்கள். விளக்கம் சொல்ல நானும் இறங்கினேன். சம்பந்தியாகப் போகிறவரிடம் என் படிப்பைக் காட்ட வேண்டாமா?

சுவரடியில் கறுப்பாக, உருண்டையாக ஒன்று மண்ணிலிருந்து பாதி எழும்பியிருந்தது.

"சுயம்புலிங்கம்!" என்று கத்தினேன். மேல்வேட்டியை இடுப்பில் கட்டி, அதற்குத் திருநீற்றுப் பட்டை இட்டு, வழிக்கென்று வைத்திருந்த குடிதண்ணீர் முழுவதையும் அதன் தலையில் ஊற்றினேன். தண்ணீர் சிவந்து வழிந்தது. "அற்புதத்தைப் பாத்தீகளா!" என்று நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன்.

மாப்பிள்ளையின் தகப்பனார் நின்றபடியே இருந்தார். தமையனார் அந்தச் சிவப்பைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், என் பக்கத்தில் விழுந்து கும்பிட்டார்கள். அதைக் கண்டு அவரும் விழுந்தார். தோவாளை வரை எல்லோருக்கும் நாக்கு வறண்டது. ஆனாலும் சுசீந்திரம் போய்ச் சேருமுன் வாக்குக் கொடுத்துவிட்டார்.

தெப்பக்குளத்தில் கால் கழுவும்போது தமையனார் என் காதோடு சொன்னார்கள்:

"ஏலே, அது பீரங்கிக் குண்டு. இரும்பு, துருப்பிடிச்சிருக்கு."

"அங்கனயே சொல்லியிருக்கலாம்லா அண்ணாச்சி?"

"சொன்னா உன் மூஞ்சிய எங்கன கொண்டு வச்சுக்கிடுவ? புள்ளைக்குக் கல்யாணம் ஆவணும்லா. பைய பேசு, அவுக வாராக."

பிறகு தமையனார் ஒருவரிடமும் அதைச் சொல்லவில்லை. கடைசிக் காய்ச்சலில், நெற்றியில் திருநீறு பூச நான் குனிந்தபோது மட்டும், "தண்ணிய ஊத்திராதலே" என்று சிரித்தார்கள். மதினியாருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

இரவு பகல் பாராமல் வந்த வைத்தியருக்கும், கஞ்சி காய்ச்சிக் கொடுத்த தெருவாருக்கும், ஆற்றங்கரை வரை தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

அச்சுக்குக் கொடுக்குமுன் இதைச் சம்பந்தியிடம் வாசித்துக் காட்டி, மன்னிக்கவேண்டும் என்றேன். அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொன்னார்:

"குண்டுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும் வே. தம்பி மானம் போவக்கூடாதுன்னு அந்த மனுசன் மண்ணுல விழுந்தாருல்லா, அதைப் பாத்துத்தான் நானும் விழுந்தேன். பொறவு, உம்ம படிப்பப் பாத்தா பொண்ணு எடுத்தோம்?"